ஆளுக்கு ஒரு காடை

காரைக்காலில் விருந்து என்றால் அது மீன்தான். அரசலாறு கடலோடு சேருகிற ஊர் இல்லையா? கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் மற்ற குப்பங்களிலிருந்தும் வருகிற மீனை விட்டுவிட்டு இங்கே யாரும் பறவை பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அரை கிலோ ஆட்டுக்கறி, இல்லையென்றால் ஒரு கிலோ பிராய்லர். அப்படிப்பட்ட ஊரில் ரிடையர் ஆன ஒரு தமிழ் வாத்தியார், தோல் உரிக்காத காடை தேடி ஒரு வாரம் அலைந்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

காரணம் ஒரு போட்டோ.

அவருடைய மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். நவம்பர் மாதம் அங்கே 'தேங்ஸ்கிவிங்' என்று ஒரு பண்டிகை. வான்கோழியை முழுசாகச் சுட்டு, குடும்பமே சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறேழு கிலோ வான்கோழியைப் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் மகள் 'கார்னிஷ் ஹென்' என்ற குட்டிக் கோழி இரண்டு வாங்கி, வயிற்றுக்குள் மசாலா அடைத்து, அவனில் சுட்டு, தட்டுக்கு ஒன்றாக வைத்து வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பியிருந்தாள்.

அம்மா அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். பிறகு போனில் கேட்டாள்.

"இது என்னடி, ஆளுக்கு ஒரு முழுக் கோழியா?"

"சின்னக் கோழிம்மா. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் கணக்கு."

"முழுசும் உனக்கேவா?"

கேட்டுவிட்டு அந்த அம்மா சிரித்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியாருக்கு அதற்கப்புறம் பேப்பர் ஓடவில்லை.

ஏன் என்று தெரிய வேண்டுமானால், நம் வீடுகளில் ஒரு கிலோ கோழி எப்படிப் பங்கு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கால் இரண்டும் பிள்ளைகளுக்கு. நெஞ்சுக்கறி வீட்டுக்காரருக்கு. ஈரல் கடைக்குட்டிக்கு. மாமியார் இருந்தால் அவருக்கு மெத்தென்று இரண்டு துண்டு. எல்லாரும் கை கழுவின பிறகு, சட்டியில் மிச்சமிருக்கும் குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, கழுத்தும் இறக்கை நுனியுமாக ஒரு மனுஷி சமையல்கட்டில் சாப்பிடுவாள். "உனக்கு எங்கே?" என்று யாராவது கேட்டால், "எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்" என்பாள். தமிழ்நாட்டில் கழுத்து பிடிக்கிற அம்மாக்கள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. இந்த அம்மாவும் 38 வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியாரும் நம்பிக்கொண்டிருந்தார். அல்லது நம்புவது சவுகரியமாக இருந்தது.

தை மாதம் அவர்களுக்குக் கல்யாண நாள். அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாக முழுசாகச் சுட்டு வைப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டார். மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

அந்தக் கார்னிஷ் கோழியின் கதை சுவாரசியமானது. 1950களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த ஜாக் மகோவ்ஸ்கி, அல்ஃபோன்சின் மகோவ்ஸ்கி தம்பதி, ஒரு ஆளுக்கு ஒரு பறவை என்ற அளவில் குட்டியாக, நெஞ்சுக்கறி நிறைய இருக்கிற ஒரு கோழியை உருவாக்க நினைத்தார்கள். கார்னிஷ் இனத்தோடு வேறு இனங்களைக் கலந்து அதைச் செய்தார்கள். விக்டர் போர்கே என்ற நகைச்சுவைப் பியானோ கலைஞர் அதில் பணம் போட்டு ஊரெல்லாம் பிரபலப்படுத்தினார். பேரில் 'கேம்' இருப்பதால் வேட்டைப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். 'ஹென்' என்று இருப்பதால் பெட்டை என்றும் அர்த்தமில்லை, சேவலாகவும் இருக்கலாம். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்குப்படி அது 5 வாரத்துக்கும் குறைந்த வயதுள்ள, சுத்தம் செய்தபின் 2 பவுண்டுக்கு மேல் போகாத இளங்கோழி. அவ்வளவே!

ஆனால் வாத்தியாரை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கும் முந்தைய கதை. இந்தக் கார்னிஷ் இனத்துக்கு இங்கிலாந்தில் முதலில் இருந்த பேர் 'இந்தியன் கேம்'. 19ஆம் நூற்றாண்டில் கார்ன்வால் பகுதியில் அந்த இனத்தை உருவாக்கியபோது, இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சேவலைச் சேர்த்துத்தான் உருவாக்கினார்கள். அசில் வேறு யாருமல்ல, நம் ஊர் சேவக்கட்டு சேவல்தான். 'ஆடுகளம்' படம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சண்டைக்கென்றே வளர்த்த அந்த அகன்ற நெஞ்சு கார்னிஷுக்குப் போயிற்று. கார்னிஷையும் வெள்ளை பிளிமத் ராக்கையும் கலந்துதான் பிராய்லர் வந்தது. அதாவது திருநள்ளாறு ரோட்டில் தொங்குகிற பிராய்லரிலும், மகள் தட்டில் இருந்த குட்டிக் கோழியிலும் நம் அசிலின் ரத்தம் ஒரு சொட்டு ஓடுகிறது. போன ரத்தம் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து மசாலா பாக்கெட்டோடு விற்கிறது!

சரி, காரைக்காலில் கார்னிஷுக்கு எங்கே போவது? ஓட்டல்காரர்கள் வாங்குகிற 'தந்தூரி சைஸ்' கோழி 800 கிராமாவது வரும். ஒரு ஆளுக்கு அதிகம். அந்த அம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டாக வெட்டி, பாதியை மறுநாளைக்கு எடுத்து வைத்துவிடுவாள். வெட்டவே முடியாத அளவுக்குச் சின்னதாக ஒன்று வேண்டும். காடையை விட்டால் வேறில்லை.

காடை என்றதும் வாத்தியாருக்குள் இருந்த தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். சங்க இலக்கியத்தில் காடைக்குக் குறும்பூழ் என்று பேர். கலித்தொகையில் மருதக்கலிப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. வீட்டுக்குத் தாமதமாக வந்த தலைவனிடம் எங்கே போயிருந்தீர் என்று தலைவி கேட்கிறாள். குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போயிருந்தேன் என்று அவன் சமாளிக்கிறான். அது எந்தக் குறும்பூழ் என்று தெரியாதா என்று தலைவி பரத்தையரைக் குத்திக்காட்டிக் கிழிக்கிறாள். அந்தப் பாடத்தைப் பசங்களுக்கு எப்படி நடத்துவது என்று தெரியாமல் வருஷா வருஷம் அவர் முழித்ததுண்டு.

சின்ன வயசில் சம்பா அறுப்பு முடிந்த வயலில் வலை போட்டுக் காடை பிடித்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அதெல்லாம் கூடாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் காடையைப் பிடிப்பது குற்றம். டெல்டாவில் ரோட்டோரமாகக் கொக்கையும் மடையானையும் ஒளித்து விற்பவர்கள் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடையில் நாம் வாங்குவது ஜப்பானியக் காடை. 1974ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து, இஜ்ஜத்நகரில் வைத்துப் பெருக்கிய இனம். முட்டையிலிருந்து 17, 18 நாளில் பொரித்து, 5 அல்லது 6 வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளர்த்தெடுத்த 'நாமக்கல் காடை'யும் இந்த வம்சம்தான். பேர் ஜப்பான், வந்த வழி அமெரிக்கா, ஊர் நாமக்கல். கார்னிஷுக்கு நேர் எதிர்த் திசையில் பயணம்.

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். பிரெஞ்சில் காடைக்குப் பேரே 'காய்'. வயிற்றில் பூரணம் அடைத்த காடை 'காய் ஃபர்சி'. அவர்கள் ஊரில் அது ஒரு விருந்துப் பதார்த்தம். 1739லிருந்து 1954 நவம்பர் 1 வரை இந்த ஊரில் பெரும்பாலும் அவர்கள் கொடிதான் பறந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல் முடிந்தது. கொடி போய்விட்டது, பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்களும் சில தெருப் பேர்களும் மிச்சம். பழைய ஆட்கள் வாயில் சமையல்கட்டு இன்னும் குசினிதான் (அது போர்ச்சுகீசியர் விட்டுப்போன வார்த்தை, பழியை பிரெஞ்சுக்காரர் மேல் போட முடியாது).

இனிதான் நிஜமான பிரச்சினை. நம் ஊர்க் கறிக்கடையில் காடை கேட்டால் என்ன செய்வார்கள்? இறகோடு சேர்த்துத் தோலை ஒரே இழுப்பில் உரித்து, நடுவில் பிளந்து, கையில் கொடுத்துவிடுவார்கள். அரை நிமிஷ வேலை. மசாலா தடவி எண்ணெயில் போடுவதற்கு அதுவே போதும். ஆனால் சுடுவதற்கும் வயிற்றில் அடைப்பதற்கும் அது உதவாது.

இது அவருக்கு முதல் தடவை தெரியாது. அந்த அம்மா நாகப்பட்டினத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில், கடைக்காரர் கொடுத்த இரண்டு உரித்த காடையை வாழைநாரால் சுற்றிக் கட்டி, மகள் கேக் செய்ய வாங்கி விட்டுப்போன ஓ.டி.ஜி.யில் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தது செருப்புத் தோல். உள்ளே அடைத்த சோறு மட்டும் நடுவில் சில்லென்று இருந்தது. தெரு நாய் கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்த அந்த அம்மா வாசலிலேயே நின்றாள். "என்னங்க, என்னமோ கருகின வாசனை அடிக்குது?"

"பக்கத்து வீட்ல இருக்கும்."

"எங்கேயாவது போயிருந்தீங்களா?"

காடை வாங்கப் போயிருந்தேன் என்று சொல்ல முடியுமா? கலித்தொகைத் தலைவன் பொய் சொல்லி மாட்டினான். இவர் உண்மையைச் சொன்னால் மாட்டுவார்.

ராத்திரி மொட்டைமாடியில் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டார். அவள் சொன்னதில்தான் விஷயம் விளங்கியது. காடையில் கொழுப்பு குறைவு. அதில் இருக்கிற கொஞ்சமும் தோலுக்கு அடியில்தான். தோலை உரித்துவிட்டால் நெஞ்சுக்கறி நேராக அனலில் காய்ந்துபோகும். இன்னொன்று, அடைக்கிற பூரணம் ஆறிப்போய் இருந்தால் அது சூடேறுவதற்குள் வெளியே கறி முறிந்துவிடும். உள்ளே சில்லென்று இருப்பது ருசிக்கேடு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. பச்சைக் கறியின் நீர் இறங்கியிருக்கும் பூரணம் நடுவில் 74 டிகிரி சூடு ஏறினால்தான் கிருமி சாகும். ஆகவே பூரணத்தைச் சுடச்சுட அடைக்க வேண்டும், திணிக்காமல் இரண்டு கரண்டியோடு நிறுத்த வேண்டும், அடைத்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும்.

"தெர்மாமீட்டர் இருக்காப்பா?"

"காய்ச்சலுக்குப் பார்க்கிறது இருக்கு."

"அதை வச்சிராதீங்க!"

அடுத்து கடைக்காரர். "தம்பி, தோலோட வேணும். பிளக்கக் கூடாது. அடியில சின்னதா கிழிச்சு குடலை மட்டும் எடு."

"சார், ஒவ்வொரு இறகா புடுங்கணும் சார். நாலு காடைக்கு அரை மணி நேரம் ஆகும். வியாபார நேரத்துல யாரு பண்றது?"

நியாயம்தான். இரண்டு கடைகளில் முடியாது என்றார்கள். மூன்றாவது கடையில், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் வாருங்கள் என்றார்கள். அப்படியும் இறகு பிடுங்கியது பாதி அவர், பாதி கடைப் பையன். வெந்நீரில் முக்கினால் இறகு சுலபமாக வரும். ஆனால் கொதிக்கிற நீரில் போட்டால் காடையின் தோல் காகிதம் மாதிரி கிழிந்துவிடும், கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். பூமுடியைத் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவினார்கள். எல்லாம் முடிந்து தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் 160, 170 கிராம். நாலில் இரண்டு தோல் கிழிந்துவிட்டது. நல்லதாக இரண்டு தேறியது. இரண்டுதானே வேண்டும்.

கல்யாண நாள் சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. திருநள்ளாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கவுச்சி சமைப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். விருந்து ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளிப்போயிற்று. ஒருவகையில் அதுவும் நல்லதுதான். சனி ராத்திரியே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துடைத்து ஃபிரிட்ஜில் திறந்து வைத்ததில் தோல் காய்ந்து இறுகியது. சுடும்போது தோல் முறுகுவதற்கு அதுதான் வழி.

ஃபிரிட்ஜில் வைத்த பிறகு ரகசியம் ஏது? "இது என்னங்க, குருவி மாதிரி?"

"இன்னைக்கு ராத்திரி சமையல் நான். நீ உள்ளே வரக்கூடாது."

அவள் உள்ளே வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாசனையை வைத்தே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். "வெங்காயம் போதும், இறக்குங்க." "அடுப்பைக் குறைங்க, வடகம் கருகுது."

வடகம்தான் இதில் உயிர்நாடி. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, சித்திரை வெயிலில் காய வைத்த தாளிப்பு வடகம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இதன் ருசி பிடித்துப்போய்த்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வடுவான்' என்று தங்கள் சமையலுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று வெளிநாட்டு ஓட்டல்களில் அந்தப் பேரில் ஒரு மசாலாவே இருக்கிறது. அதை வெண்ணெயில் பொரித்து, சின்ன வெங்காயம் வதக்கி, காடையின் ஈரலையும் இதயத்தையும் பொடியாக நறுக்கிப் போட்டு, மிளகு தட்டி, முக்கால் வேக்காட்டுச் சீரகச் சம்பா சோறு, பத்துக் காய்ந்த திராட்சை, கொத்தமல்லி சேர்த்துப் பிரட்டினார். சூடு தாங்காமல் கரண்டிக் காம்பாலேயே அடைத்தார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரல்விட்டு வெண்ணெய் தடவினார். ஊறவைத்த வாழைநாரால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினார், பூக்கட்டுகிற மாதிரி.

ஓ.டி.ஜி. 200 டிகிரி. பத்து நிமிஷம் ஆனதும் கரண்ட் போயிற்று.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. மனுஷன் கதவைத் திறக்காமல், டார்ச் லைட்டோடு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார். ஏழு நிமிஷம் கழித்து வந்தது. கணக்கெல்லாம் குழம்பிப்போயிற்று. கடைசியில் ஒரு மெல்லிய கம்பியைப் பூரணத்தின் நடுவில் குத்தி, பத்து எண்ணி, எடுத்து மணிக்கட்டில் வைத்தார். "ஸ்ஸ்" என்றார். வெந்துவிட்டது. ஐந்து நிமிஷம் ஆறவிட்டு நாரை அறுத்தார்.

சாப்பாட்டு மேஜை அந்த வீட்டில் மேஜையாகப் பயன்பட்டு வருஷக்கணக்காகிறது. மருந்து டப்பா, கேஸ் பில், மடிக்காத துணி எல்லாவற்றையும் கட்டிலுக்கு மாற்றிவிட்டு இரண்டு தட்டு வைத்தார், எதிரும் புதிருமாக. ஒவ்வொரு தட்டிலும் பொன்னிறமாக, கால் மடக்கி, ஒரு முழுக் காடை.

அந்த அம்மா பழக்கதோஷத்தில் கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"உட்காரு."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா..."

"பரிமாற என்ன இருக்கு? ஆளுக்கு ஒண்ணு. தட்டுலயே இருக்கு."

அவள் மேஜையைப் பார்த்தாள். குழம்பு இல்லை, ரசம் இல்லை, மறுசோறு இல்லை. எடுத்துப் போட நிஜமாகவே ஒன்றுமில்லை. நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்கிற மாதிரி உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு தண்ணீர் எடுக்க எழுந்தாள். தண்ணீர் மேஜையிலேயே இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

முள்கரண்டி எல்லாம் இல்லை, கைதான். அவர் ஒரு காலைப் பிய்த்தார். அவள் கொஞ்ச நேரம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். பிறகு நெஞ்சைப் பிளந்தாள். உள்ளிருந்து வடக வாசனையோடு ஆவி வந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை. காடை எலும்பு சின்னது, கடித்தாலே நொறுங்கும். அந்தச் சத்தம் மட்டும்தான்.

பாதிக்கு மேல் சாப்பிட்டிருப்பாள். திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"கழுத்து எங்கங்க?"

"என்னது?"

"ரெண்டுத்துலயும் கழுத்தைக் காணோமே."

சுடும்போது கருகிவிடும் என்று இரண்டு கழுத்தையும் வெட்டி, மிளகு போட்டு அடுப்பில் சாறு வைத்திருந்தார் அவர். அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "உனக்கு நெசமாவே கழுத்து பிடிக்குமா?" என்று கேட்டார்.

"எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" என்றாள் அவள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. 38 வருஷம் குடித்தனம் பண்ணின வாத்தியாருக்கே அது உண்மையா, விளையாட்டா, இல்லை வேறெதுவுமா என்று பிடிபடவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். சாற்றுக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, சுண்டுவிரல் நீளத்தில் கிடந்த இரண்டு கழுத்தையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அது உங்களுக்கு."